கையில் வாங்காத பிள்ளை

அம்சவல்லிக்கு முப்பத்தாறு வயதில் படிப்பு ஆசை வந்தது. பால்வாடியில் ஆயா வேலை பார்க்கிறவளுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று காலனியில் பாதிப்பேர் கேட்டார்கள். மீதிப்பேர் கேட்கவில்லை, சிரித்தார்கள். மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற வருடத்தில் தாயும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சனி ஞாயிறு தஞ்சாவூர் பஸ் ஏறினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கணவன் இளையபெருமாள் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தான். போனில் கேட்டபோது, "படி, படி. நீயாவது படிச்சு என்னைய உக்கார வச்சு சோறு போடு" என்றான். அது சம்மதமா கிண்டலா என்று அவள் ஆராயவில்லை. சம்மதம் என்றே எடுத்துக்கொண்டாள்.

நடப்பதிலும் பேசுவதிலும் பின்தங்கிப்போகும் சின்னப் பிள்ளைகளைக் கண்டுபிடித்து, வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுப்பதற்கான ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்பு அது. வகுப்பில் எல்லோரும் வயது வந்தவர்கள்தான். நர்ஸ் வேலையை விட்டு வந்தவர் ஒருவர், எல்.ஐ.சி. ஏஜென்ட் ஒருவர், தன் பிள்ளைக்காகவே படிக்க வந்த தாய்மார்கள் சிலர். பாடம் நடத்திய நூர்ஜஹான் மேடம் கூடவே ஓர் ஆராய்ச்சியும் நடத்திக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தினமும் ஒருவர் போய்ச் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு தூரம் தேறுவார்கள் என்று டெல்டா கிராமங்களில் பார்ப்பதுதான் அந்த ஆராய்ச்சி. படிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு பிள்ளையைப் பரிசோதித்து மதிப்பெண் போட வேண்டும். குறித்துவைத்த மதிப்பெண் கோட்டுக்கு மேலே வந்த பிள்ளைக்கு இரண்டு வருடப் பயிற்சி கிடைக்கும். பரிசோதித்தவரே அதற்கு டீச்சர். கோட்டுக்குக் கீழே போனால் 'பராமரிப்பு மட்டும்' என்று எழுதுவார்கள். நேரத்துக்குச் சோறு கொடுங்கள், மருந்து கொடுங்கள், குளிப்பாட்டுங்கள், படிப்பை மறந்துவிடுங்கள் என்று அதற்குப் பொருள்.

அவரவர் ஊர்ப் பிள்ளையை அவரவருக்கே கொடுத்தார் மேடம். போக வர வசதி என்று நினைத்திருப்பார். அம்சவல்லிக்குக் கிடைத்தது மேலத்தெரு சிங்காரவேலுவின் பேத்தி ரெங்கநாயகி. ஆறு வயது. வீட்டில் ரெங்கு என்பார்கள்.

குடவாசலுக்குக் கிழக்கே உள்ள அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சிங்காரவேலு வீட்டுக்கும் அம்சவல்லியின் அப்பா காத்தானுக்கும் எத்தனை காலப் பகை என்று. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட வருடம் களத்துமேட்டில் கொடியை நட்டவர் காத்தான். வெளியூர் ஆட்களை இறக்கி நடவை முடித்தவர் சிங்காரவேலுவின் தகப்பனார். அதில் ஆரம்பித்தது. பிறகு காத்தான் சாகுபடி செய்துவந்த ஒரு ஏக்கர் வரும் மூன்று மா கோயில் நிலம், குத்தகை பாக்கி என்று ஒரு பசலி வருடத்தில் கைமாறிச் சிங்காரவேலு பேருக்குப் போயிற்று. காத்தான் கேஸ் போட்டார். சூரியன் போய் இலை வந்தது, இலை போய்ச் சூரியன் வந்தது, இரண்டு தெருவுக்கும் ஒரே கலர் டி.வி.யைக் கொடுத்தார்கள். வாய்தா மட்டும் வாய்தாவாகவே இருந்தது.

"ஊர்ல வேற புள்ளயே இல்லையா?" என்று கேட்டார் காத்தான்.

"எனக்கு வந்தது அந்தப் புள்ளதான்ப்பா. மாத்திக் கேட்டா ஏன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லேன்."

தஞ்சாவூர் வகுப்பில் தான் யார், எந்தத் தெரு என்று அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. குடவாசல் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்வாள். வாரத்தில் இரண்டு நாள் வெறும் அம்சவல்லியாக இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

முதல் நாள் இஸ்திரி போட்ட புடவையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாக மேலத்தெருவுக்குள் நுழைந்தாள். சிங்காரவேலு வீட்டு வாசல் கதவு அகலத் திறந்தே கிடந்தது. அவள் கால் அங்கே நிற்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு போகிற சந்தில் திரும்பி, கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு, மாட்டுக்கொட்டகை ஓரமாகப் போய் நின்று, "அம்மா" என்று குரல் கொடுத்தாள். அவள் அம்மா அப்படித்தான் அந்த வீட்டுக்குப் போனாள், அம்மாவுக்கு அம்மாவும். யாரும் அப்படி வரச் சொல்லவில்லை. அட்டை கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

பின்கதவைத் திறந்து வந்தவள் மங்களாம்பிகை, ரெங்குவின் அம்மா. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். கணவன் சிங்கப்பூரில். வந்தவளை உள்ளே கூப்பிட அவளுக்கு ஆசை இருப்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் கூடத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார். ஒரு கணம் திரும்பி உள்ளே பார்த்தாள். பிறகு ஒரு பாயைக் கொண்டுவந்து கிணற்றடியில் விரித்தாள்.

"டீச்சர், ஒங்ககிட்ட மறைக்க ஒண்ணுமில்ல" என்றாள் மெல்லிய குரலில். "வேளாங்கண்ணிக்குப் போயாச்சு, வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போயாச்சு, மெட்ராஸ்ல பெரிய டாக்டரையும் பாத்தாச்சு. தனக்கப்புறம் இவள யாரு பாப்பான்னு மாமா பயப்படுறாங்க. திருச்சியில ஒரு ஹோம் இருக்காம். அங்கயே தங்க வச்சுப் பாத்துக்குவாங்களாம். படிப்பு ஏறாதுன்னு நீங்க எழுதிட்டா அடுத்த மாசமே கொண்டுபோய் விட்டுருவாங்க. எம் புருஷனும் சரின்னுட்டாரு. நான் ஒருத்திதான் வேண்டாங்கறேன்."

"ரெங்கு அம்மா, நான் எழுதுறது என் கையில இல்ல. அவ என்ன செய்யுறாளோ அதைத்தான் எழுத முடியும்."

"செய்வா. வீட்டுக்குள்ள எல்லாம் செய்வா."

அம்சவல்லி தலையாட்டினாள். எல்லாத் தாயும் இதைச் சொல்வாள், அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ரெங்கு பாயில் வந்து உட்கார்ந்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கொலுசு, கொஞ்சம் பிளந்தே இருக்கும் வாய். தாத்தா, ம்மா, பா என்று நாலைந்து சொல்தான் அவளுக்கு வரும் என்றாள் தாய். அம்சவல்லி மரக்கட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். ரெங்கு கட்டையைப் பார்த்தாள், அம்சவல்லியைப் பார்த்தாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். பந்தை நீட்டினாள். கை பின்னால்தான். பிஸ்கட், கிலுகிலுப்பை, பொரி, எதற்கும் கை முன்னால் வரவில்லை. 'பொருளை நீட்டினால் வாங்குகிறது', 'வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறது', 'பார்த்ததைப் போலச் செய்கிறது' என்று வரிசையாகப் போகும் பரிசோதனையில் முதல் படியே ஏறாவிட்டால் அடுத்த படி ஏது? இல்லை, இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டே போனாள் அம்சவல்லி.

மறுபடியும் போனாள். அதற்கு அடுத்த வாரமும் போனாள். அதே கொல்லை, அதே பாய், அதே பின்னால் கட்டிய கை. மங்களாம்பிகை பின்கதவுப் படியில் நின்று சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருப்பாள். அம்சவல்லிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அந்த இரக்கத்தில் கொஞ்சம் திருப்தியும் கலந்திருந்ததை அவளே ஒருநாள் கவனித்தாள். அப்பாவின் மூன்று மா நிலம் போன வீடு. இந்த வீட்டுப் பிள்ளையின் தலையெழுத்து இப்போது தன் பேனாவில் இருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் வெட்கப்பட்டு, இன்னொரு தடவை கட்டையை நீட்டிப் பார்த்தாள். ரெங்கு வாங்கவில்லை.

சனிக்கிழமை தாள்களைத் தஞ்சாவூரில் கொடுத்துவிட்டாள். மதிப்பெண் கோட்டுக்கு வெகு கீழே இருந்தது. அடுத்த சனிக்கிழமை பெயர்ப் பட்டியலை முடிவு செய்வதாக மேடம் சொன்னார்.

விஷயத்தைத் தானே தாயிடம் சொல்லிவிட வேண்டும் என்று திங்கட்கிழமை சாயங்காலம் போனாள். அடுத்தவர் வாயால் தெரிந்துகொள்வது கொடுமை என்று பட்டது. மேட்டூர்த் தண்ணீர் வந்து வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. நாற்றங்கால் உழவு நடந்துகொண்டிருந்த நேரம். மங்களாம்பிகை குளித்துக்கொண்டிருந்தாள். ரெங்கு கிணற்றடியில் நின்று கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்சவல்லி கொட்டகைத் தூணோரம் காத்திருந்தாள்.

அப்போது மாடு பார்க்கும் மருதையன் வயலிலிருந்து வந்தார். அவரும் காலனிதான், அம்சவல்லிக்குச் சித்தப்பா முறை. துண்டு நுனியில் நாவல்பழம் முடிந்து வைத்திருந்தார். வேலியில் ஒரு பூவரச இலையைப் பறித்து, அதில் பழங்களைக் கொட்டி, துவைக்கிற கல்லின் மேல் வைத்தார். வைத்துவிட்டு நாலடி தள்ளி வைக்கோல் போர்ப் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு வைக்கோலைப் பிடுங்க ஆரம்பித்தார். ரெங்கு அதுவரை அசையவில்லை. அவர் விலகியதும் நடந்து வந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள், கொட்டையைத் துப்பினாள். தின்று முடித்ததும் இலையைக் கல்லின் மேலேயே வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். மருதையன் வந்து இலையை எடுத்துக் குப்பையில் போட்டார். இருவருக்கும் இது தினப்படி நடக்கிற காரியம் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

அம்சவல்லி தூணை விட்டு வந்தாள். பையைத் திறந்து கட்டைகளை எடுத்தாள். மரக்கட்டை ஒன்றைக் கல்லின் மேல் வைத்துவிட்டு விலகி நின்றாள். ரெங்கு வந்து எடுத்தாள். இன்னொன்றை வைத்தாள், எடுத்தாள். தான் ஒரு கோபுரம் அடுக்கிக் காட்டிக் கலைத்துவிட்டு நகர்ந்தாள். ரெங்கு நாக்கைக் கடித்துக்கொண்டு, விழுந்ததை மறுபடி தூக்கி வைத்து, கோணலாக அதே கோபுரத்தைக் கட்டினாள். "சிவப்பு குடு" என்றாள் அம்சவல்லி. ரெங்கு சிவப்புக் கட்டையை எடுத்துக் கல்லின் மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

எதுவும் ஏறாத பிள்ளையா இது? யார் கையில் வாங்கலாம், யார் கையில் வாங்கக்கூடாது, வாங்கக்கூடாதவர் கொடுத்தால் அதை எப்படி எடுப்பது, எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று முழுப் பாடத்தையும் ஒரு பிசகில்லாமல் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறாள். பெரியவர்களே இப்போதெல்லாம் மறந்தும் மறைத்தும் நடக்கிற பாடம். அம்சவல்லிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பின்னாலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் கட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு, மங்களாம்பிகை குளித்து வருவதற்குள் கிளம்பிவிட்டாள்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னாள். காத்தான் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார்.

"அந்தப் புள்ளைக்கு மொத மொத ஏறுன பாடம் அதுதானா?" என்றார். சிரிப்பது போல இருந்தது, சிரிக்கவில்லை.

"எழுதணும்னா காரணத்தையும் எழுதணும்ப்பா. கையில குடுத்துதான் பாக்கணும்ங்கறது விதி. கல்லுல வச்சேன்னா ஏன் வச்சேன்னு கேப்பாங்க. எழுதாம விட்டா ஹோமுக்குப் போயிரும்."

"அது ஹோமுக்குப் போனா எனக்கு மூணு மா திரும்பி வந்துருமா? கேஸு கேஸா நடக்கட்டும். நீ போய் எழுதிக் குடு."

சனிக்கிழமை வகுப்புக்கு முன்பே மேடத்தின் மேசைக்குப் போய்விட்டாள். ஆனால் அங்கே நர்ஸ் அக்காவும் எல்.ஐ.சி. ஏஜென்டும் ஏற்கெனவே தாள்களோடு நின்றுகொண்டிருந்தார்கள். அம்சவல்லி விஷயத்தைச் சொன்னாள். கல்லில் வைத்தால் எடுக்கிறாள், அடுக்குகிறாள், கேட்டதைத் தருகிறாள்.

நூர்ஜஹான் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "கையிலேருந்து ஏன் வாங்கல?"

அம்சவல்லி பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தாள். "நான் காலனிப் பொண்ணு மேடம். அவங்க மேலத்தெரு. எங்க கையில வாங்கக்கூடாதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

நர்ஸ் அக்கா தன் தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டார். சொன்ன பிறகு, இதற்கா இத்தனை மாதம் பயந்தோம் என்று அம்சவல்லிக்குத் தோன்றியது. கூடவே அழுகையும் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

மேடம் கேட்டார். "ஆறு வயசுப் பிள்ளை, அதுவும் இப்படிப்பட்ட பிள்ளை. உங்கள முன்னப்பின்ன பார்த்ததில்ல. நீங்க யாருன்னு அதுக்கு எப்படித் தெரிஞ்சது? நீங்க எந்த வழியா அந்த வீட்டுக்குப் போனீங்க?"

"கொல்லை வழியா மேடம்."

"அப்படி வரச் சொன்னாங்களா?"

அம்சவல்லிக்கு அந்தக் கேள்விதான் உறைத்தது. "யாரும் சொல்லல மேடம்" என்றாள். "நானாத்தான் போனேன்."

மேடம் அவளைத் திட்டவில்லை. அவளுடைய தாள்களைத் தனியே எடுத்து வைத்தார். "பாதித் தப்பு நம்ம மேல. நான் உங்ககிட்ட எதையும் கேக்காமலே பிள்ளையக் குடுத்தேன். புதன்கிழமை நானே வர்றேன். வாசல் வழியாப் போவோம். ஆனா ஒண்ணு அம்சவல்லி, ரெண்டு வருஷம் நீங்கதான் அதுக்கு டீச்சர். கையப் பிடிச்சு எழுத வைக்கணும், வாயத் தொட்டுப் பேச வைக்கணும். கல்லுல வச்சு எவ்வளவு நாள் நடத்த முடியும்? உங்க கையில வாங்கினாத்தான் நான் இடம் குடுக்க முடியும்."

புதன்கிழமை வந்தது. சிங்காரவேலு வீட்டு வாசற்படியில் மேடத்துக்குப் பின்னால் ஏறியபோது அம்சவல்லி தன்னையறியாமல் ஒருமுறை கொல்லைச் சந்தைத் திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் நாற்காலியில் கரைவேட்டியோடு சிங்காரவேலு உட்கார்ந்திருந்தார். அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டு ரெங்கு. மேடத்தைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றார். அம்சவல்லியைப் பார்த்து, "காத்தான் மவதானே?" என்றார். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. மேடம் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்சவல்லி உட்கார்ந்தாள்.

மேடம் ஒரு கட்டையை நீட்டினார். ரெங்கு தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். கை நீண்டு வாங்கிக்கொண்டது. வீட்டுச் சோற்றைத் தாத்தா தொட்டால்தான் தின்பாள், தாத்தா தலையாட்டினால்தான் யாரிடமும் போவாள் என்றாள் மங்களாம்பிகை. அடுத்த கட்டையை அம்சவல்லி நீட்டினாள். ரெங்குவின் கை முதுகுக்குப் பின்னால் போயிற்று.

மேடம் விஷயத்தைப் பூசி மெழுகாமல் சொன்னார். இந்தப் பிள்ளைக்கு ஏன் முட்டை மதிப்பெண் வந்தது, கல்லில் வைத்தபோது என்னென்ன செய்தது, இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தால் எங்கே வரக்கூடும் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். மங்களாம்பிகை சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்களே வந்து சொல்லிக்குடுக்கக் கூடாதா?" என்றார் சிங்காரவேலு.

"தஞ்சாவூர்லேருந்து தினம் எப்படி வர்றது?"

"வேற யாரயாச்சும் அனுப்புங்களேன்."

"இந்த ஊர்ல இதைப் படிச்சிருக்கறது இவங்க ஒருத்தங்கதான்."

மங்களாம்பிகை முன்னால் வந்து, அம்சவல்லி கையிலிருந்து ஒரு கட்டையை வாங்கினாள். விரலோடு விரல் பட்டது. ரெங்கு அம்மாவைப் பார்த்தாள். பிறகு தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். கை பின்னால்தான் இருந்தது.

"மாமா, அவ ஒங்களத்தான் பாக்குறா" என்றாள் மங்களாம்பிகை. "நீங்க வாங்குனா வாங்குவா."

சிங்காரவேலு எழுந்து போய்விடுவார் என்றுதான் அம்சவல்லி நினைத்தாள். போகட்டும் என்றும் ஒரு மனம் சொன்னது. இந்த மனுஷர் கையில் எதையும் கொடுக்க வேண்டுமென்று அவளுக்கு ஒரு நாளும் ஆசை இருந்ததில்லை. அவருக்காக அவள் இங்கே வரவும் இல்லை. சிங்காரவேலு பேத்தியின் தலையைத் தடவினார். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார். வெளியே தெருவை ஒருமுறை பார்த்தார். பிறகு அம்சவல்லியைப் பாராமலேயே கையை நீட்டினார். அவள் அந்த உள்ளங்கையில் கட்டையை வைத்தாள்.

ரெங்குவின் கை முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. கட்டையை வாங்க வரவில்லை. தாத்தாவின் கையில் பளாரென்று ஓர் அடி விழுந்தது. கட்டை தெறித்துத் தரையில் உருண்டது.

"வாங்காதடி" என்றாள் ரெங்கு.

அப்படி ஒரு சொல் அவள் வாயில் வந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. நாக்கு குழறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பாதிக் குரலில், அச்சாக மங்களாம்பிகை பேசுவது போலவே இருந்தது.

நூர்ஜஹான் மேடம்தான் முதலில் பேசினார். "இத யாரு சொல்லிக்குடுத்தது?"

மங்களாம்பிகை சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தாங்க" என்றாள். "மூணு வயசுல மருதையன் கையிலேருந்து ஒரு முறுக்க வாங்கிட்டா. மாமா பாத்துட்டு உள்ள வந்து சத்தம் போட்டாங்க. நான் கையில ஒரு அடி போட்டு இப்படித்தான் சொன்னேன். ஒரே ஒரு தடவதாங்க. அதுக்கப்புறம் ஒரு நாளும் அவ மறக்கல. ஒண்ணும் ஏற மாட்டேங்குது, ஒண்ணும் ஏற மாட்டேங்குதுன்னு நான் கோயில் கோயிலா அழுதுக்கிட்டுத் திரிஞ்சேனே..."

வாயில் தலைப்பை வைத்துக்கொண்டாள். அம்சவல்லிக்கு அவள் மேல் வந்த கோபம் நிற்கவில்லை, இரக்கமும் நிற்கவில்லை. பத்து மாதமாகப் படித்த பாடத்தில் இதற்கு ஒரு வரி கூட இல்லை. மேடம் தாளில் எதையோ எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டார். "ஒரே தடவையில இவ்வளவு ஏறியிருக்கு, கையில வாங்கறதும் ஏறும். இடம் இருக்கு" என்றார்.

சிங்காரவேலு அடி வாங்கிய கையை மடக்காமல் அப்படியே வைத்திருந்தார். ரெங்கு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், சரியாகத்தானே செய்தேன் என்று கேட்பவளைப் போல. அவர் தலையாட்டவில்லை. அம்சவல்லி பக்கம் திரும்பினார்.

"இன்னொண்ணு குடும்மா" என்றார்.

அம்சவல்லி கொடுத்தாள். ரெங்கு மறுபடியும் அடித்தாள். அவர் கையை எடுக்கவில்லை.